பேப்ராவில் ரயில் மாறும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் அலுத்துக்கொண்டாய்: "இந்த பேப்ராவில் அப்படி என்னதான் இருக்கு அப்பா, எல்லா ரயிலும் ஏன் இங்கே வந்து நிற்குது?" வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கெட்டிங்கனில் படிப்பு முடியும்வரை நீ அங்கே மாறித்தான் ஃபுல்டாவுக்கு வரப்போகிறாய். அந்த இடத்தை நீ அறிந்து வைத்திருக்க வேண்டும்.

ரயில் வருமுன் அது ஜேர்மனியின் நடுப்பகுதியில் ஒரு கிராமம். 1848-இல் காசல் பக்கமிருந்து பாதை வந்தது. அடுத்த வருடமே கிழக்கே கெர்ஸ்டுங்கன் வரை நீண்டது. 1866-இல் ஃபுல்டாவுக்கும், 1870-களில் கெட்டிங்கனுக்கும் போட்டார்கள். ரயிலை நம்பியே வளர்ந்த ஊருக்கு நகரத் தகுதி கிடைத்தது 1935-இல்தான். நிலையக் கட்டடத்தைக் கவனித்தாயா? வழக்கம்போல் ஊர்ப்பக்கம் ஓரமாக இல்லாமல் தண்டவாளங்களுக்கு நடுவில் நிற்கிறது.

ஜேர்மனி கிழக்கு, மேற்கு என்று இரண்டானபோது மேற்குப் பக்கத்தின் எல்லை நிலையமானது பேப்ராதான். கிழக்கே அடுத்த பெரிய நிறுத்தம் கெர்ஸ்டுங்கன். அங்கே கிழக்கு ஜேர்மன் காவலர்கள் பயணிகளைச் சோதித்தார்கள். கெர்ஸ்டுங்கனுக்கும் ஐசனாக்குக்கும் இடையில் பழைய பாதை எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் போய் வந்ததால், மேற்கு மண்ணைத் தொடாமல் போக 1962-இல் கிழக்குக்காரர் ஒரு புதுப்பாதையே போட்டுவிட்டார்கள்.

நம் மேல்மாடித் தாத்தா ரயில்வேயில் இருந்தவர், உனக்குத் தெரியும். ஃபிராங்பேர்ட்டிலிருந்து கிழக்கே போகும் வண்டி பேப்ராவுக்குள் வந்ததும் எஞ்சினைக் கழற்றுவார்களாம். மறுமுனையில் கிழக்கு ஜேர்மன் எஞ்சினை மாட்டுவார்கள், வண்டி வந்த பக்கமே திரும்பி ஓடும். 1973 வரை அது நீராவி எஞ்சின். அதைப் படமெடுக்க எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் கமராவோடு வந்து நிற்பார்கள் என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த மனிதர்களின் உழைப்பை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

எல்லை போன பிறகு ஊருக்கு நல்ல காலம்தான் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1991-இல் ஹனோவர்–வூர்ட்ஸ்பேர்க் அதிவேகப் பாதை திறந்ததும் வடக்கு–தெற்கு விரைவு வண்டிகள் காசல் வழியாக நேரே ஃபுல்டாவுக்குப் போய்விட்டன. அப்புறம் பேப்ராவைத் தாங்கி நிற்பது சரக்கு வண்டிகளும் நீ ஏறும் வட்டார ரயில்களும்தான். இந்த வட்டார ரயில்களை 2006 டிசம்பரிலிருந்து காண்டுஸ் நிறுவனம் ஓட்டுகிறது: காசல், ஃபுல்டா, ஐசனாக், கெட்டிங்கன் என்று எல்லாப் பக்கமும். உன் வண்டி எஷ்வேகே நகரத்துக்குள் போய்த் திசை மாறி வெளியே வருகிறதே, 2009-இல் அந்த நகர நிலையத்தைத் திரும்பத் திறந்தார்கள். நேரம் கூடினாலும் அந்த ஊர்ச் சனத்துக்கு அது பெரிய உதவி. பெரிய வண்டிகள் விட்டுப்போன ஊர்களை இந்தச் சின்ன வண்டிகள்தான் சேர்த்து வைக்கின்றன, பிள்ளை. அதனால்தான் நீ அதை "ஒன்றுமில்லாத இடம்" என்றது எனக்குப் பொறுக்கவில்லை.

நேரம் இருந்தால் பழைய எஞ்சின் கொட்டகைப் பக்கம் போய்ப் பார். இப்போது அது நிகழ்ச்சி மண்டபம். வெள்ளிக்கிழமை வண்டி பிந்தி வந்து ஃபுல்டா ரயில் தவறினால் ஓடி விழாதே, ஒரு மணி நேரத்தில் அடுத்தது வரும். ஒரு மெசேஜ் போடு, ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். அம்மா புட்டு அவிக்கிறாளாம், வழியில் எதையும் வாங்கிச் சாப்பிட்டு வயிற்றை நிரப்பாதே.

அன்புடன்,
அப்பா