சிலிப்பர் கொடுத்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அங்கிள், அக்கா, ஃபிளாட்டில் இருக்கும் பெரியவர்கள், எல்லாருக்கும் வணக்கம்.

கூடைப்பந்து லீக் முடிந்த அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. ஓவர்டைம், அப்புறம் கொஞ்சம் சோம்பேறித்தனம், இரண்டு வாரம் ஓடிவிட்டது. கோப்பை இல்லை, நாலாவதாகத்தான் வந்தோம். ஆனால் தைப்பூசம் முடிந்த மறுவாரம் எங்கள் 11ஆம் நம்பர் ரிபவுண்டுக்கு, ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்துக்கு, குதித்து இறங்கும்போது கால் மடங்கி, முழங்காலில் ஏசிஎல் என்ற மூட்டு இணைப்பு நார் கிழிந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்த அன்று, இந்த பினாங்கு பாகான் டாலாம் பையன்கள் கடைசி ஆட்டம் வரைக்கும் போவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்பி ஆட 9 மாதமாவது ஆகுமாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருடமாக எங்களிடம் இருந்தது ஒரே ஒரு திட்டம்தான். பந்தை 11க்குக் கொடு, ஒதுங்கி நில். அவன் இரண்டு பேரை ஏமாற்றி உள்ளே போவான், மற்ற நாலு பேரும் கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்று பார்ப்போம். அவன் இல்லாத முதல் ஆட்டத்தில், 24 விநாடிக்குள் ஷாட் அடித்தாக வேண்டும் என்று தெரிந்தும், பாதி நேரம் பந்து ஒருத்தன் கையிலேயே துள்ளிக்கொண்டிருக்கும், கடைசியில் எவனாவது கண்ணை மூடிக்கொண்டு 6.75 மீட்டர் த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவான். எதிரணி சும்மா ஸோன் போட்டு, அதாவது ஆளைத் துரத்தாமல் ஆளுக்கொரு இடத்தைக் காத்து, ரிங்குக்குக் கீழே காத்திருந்தது. ஸ்கோரை இங்கே எழுத மாட்டேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அங்கிள் உள்ளே வந்தார். எதிர்க் கோப்பிக் கடையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாரே, அவர்தான். அவருக்குத் தமிழ் வராது, எங்கள் ஹொக்கியன் சீனமொழி அரைகுறை, ஆக எல்லாம் மலாயில்தான். வந்தவர் பந்தைத் தொடவே இல்லை. கோர்ட் ஓரத்தில் கிடந்த எங்கள் சிலிப்பர்களை எடுத்து, த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியே உச்சியில் ஒன்று, இரண்டு பக்கவாட்டில் இரண்டு, இரண்டு மூலையில் இரண்டு என ஐந்து ஜோடி வைத்தார். "போலா ஜாங்கான் தீடோர்" என்றார். பந்து தூங்கக் கூடாது.

டிரிபிளிங் கிடையாது, பந்தைத் தட்டிக்கொண்டே ஓடக் கூடாது. பாஸ் கொடுத்தவன் நின்று வேடிக்கை பார்க்காமல் ரிங்குக்கு வெட்டி ஓட வேண்டும், பந்து வராவிட்டால் வெளியே வந்து காலியாக இருக்கும் சிலிப்பரில் நிற்க வேண்டும், அவன் விட்டுப்போன இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவன் ஏறிக்கொள்ள வேண்டும். கேட்க சுலபம். முதல் நாள் இரண்டு பேர் ஒரே சிலிப்பருக்கு ஓடி மண்டையை மோதிக்கொண்டோம், ஒருத்தன் சிலிப்பரையே மிதித்து வழுக்கி விழுந்தான். மூலையில் வைத்தது 11இன் சிலிப்பர், படகு மாதிரி இருக்கும். அவன் ஊன்றுகோலோடு பிளாஸ்டிக் முக்காலியில் வெறுங்காலுடன் உட்கார்ந்து "டேய், என் சிலிப்பர் காலியா இருக்குடா!" என்று கத்திக்கொண்டே இருந்தான். அந்தக் கத்தல்தான் பிறகு ஆட்டத்தில் எங்களுக்குச் சைகையே ஆனது. பினாங்குத் தீவுக்கு ஆடப் போனபோது நாங்கள் "சிலிப்பர்! சிலிப்பர்!" என்று கத்தினால் எதிரணி தங்கள் காலைக் குனிந்து பார்க்கும்.

ஸோனை உடைக்க அங்கிள் சொன்ன வழி இன்னும் எளிமை. எங்கள் பெரிய தம்பிக்கு ஷாட் வராது, ஓடினால் மூச்சு வாங்கும், ஆனால் கண் நல்ல கண். அவனை ரிங்குக்கு நேர் முன்னால் இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டில் நிறுத்திப் பந்தை அவன் கையில் கொடுத்தால் ஸோன் உள்பக்கம் சுருங்கும், மூலையில் ஒருத்தன் தனியாக நிற்பான், இல்லையென்றால் பின்பக்கமாக ஒருத்தன் நழுவிப் போய் ரிங்குக்குப் பக்கத்திலிருந்தே லேஅப் போடுவான். நாலு வருடம் அவனை ரிபவுண்டுக்கு மட்டும் வைத்திருந்தோம். எங்கள் மடத்தனம்.

அங்கிள் எங்களைத் தேற்ற ஒரு கதையும் சொல்வார். 1993 அக்டோபரில் மைக்கேல் ஜோர்டான் விலகியதும் அமெரிக்காவின் சிகாகோ புல்ஸ் அணியின் கதை முடிந்தது என்றார்களாம், அந்த சீசனில் அவர்கள் 82இல் 55 ஆட்டம் ஜெயித்தார்கள், முந்தைய வருடத்தைவிட இரண்டுதான் குறைவு. மன்னிக்க வேண்டும் அங்கிள், அது சரியான ஒப்பீடு இல்லை. அவர்களிடம் பிப்பன் என்ற இன்னொரு பெரிய ஆட்டக்காரர் இருந்தார், டிரையாங்கிள் ஆட்டமுறை ஜோர்டான் இருக்கும்போதே ஊறிப்போயிருந்தது. எங்களிடம் இருந்தது பத்து சிலிப்பர், அதிலும் ஒன்று வார் அறுந்தது.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு, ராத்திரி பத்தரை வரை பந்துச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. மூன்றாம் மாடிப் பாட்டி ஒருமுறை தண்ணீர் ஊற்றினார், அது நியாயம்தான். ஸ்கோர் எழுதிய தங்கச்சிக்குத் தனி நன்றி. பள்ளி நோட்டில் ஒவ்வொரு முறையும் ஷாட்டுக்கு முன் எத்தனை பாஸ் என்று எண்ணி, ஒரே பாஸில் எறிந்தவன் பெயருக்குப் பக்கத்தில் தூங்குமூஞ்சி படம் வரைவாள். என் பெயருக்குத்தான் அதிகம்.

11க்கு அடிபட்டதும் ஜெர்சிக்குப் பணம் தருவதாகச் சொன்ன ஒரு கடைக்காரர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். சரி, விடுங்கள். பழைய ஜெர்சியிலேயே ஆடினோம், கோர்ட் வாடகையை நாசி கண்டார் சோற்றுக் கடை அக்கா கொடுத்தார், ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு "பசியாறிட்டு போய் விளையாடு, பேச்சு என்ன" என்றார்.

அக்கா, வார் அறுந்ததற்குப் பதிலாக உங்கள் கடையில் இரவல் வாங்கிய நீல சிலிப்பர் இன்னும் என் மோட்டார் சைக்கிள் பெட்டியில்தான் இருக்கிறது. வியாழக்கிழமை கொண்டு வருகிறேன், கழுவிவிட்டு.

அணிக்காக,
4ஆம் நம்பர்