முன்பணத்தை யார் கட்டுவா?

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோச்சு. என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். பாதி நாள் கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே போய்விடுகிறது.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வடக்கே முறுக்குக் கம்பெனிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது இன்னும் நிற்கவில்லை. இப்போது மகாராஷ்டிராவிலிருந்து மீட்டு வந்த ஒரு பையனுக்காக அலைகிறேன். பதின்மூன்று வயசு. கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்பு. அதிகாரி "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. வெளியே கூட்டிவந்து டீ வாங்கிக் கொடுத்து, சட்டைக் கையை மடித்து என் தழும்பைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, நான் வந்துட்டேன்ல, அப்பா வாங்குன முன்பணத்தை யார் கட்டுவா?"

மொத்த வழக்கும் அந்தக் கேள்விதான் மாப்ள. முன்பணத்தைக் காட்டிப் பிடித்துவைத்து வேலை வாங்கினால் அது கொத்தடிமை முறை. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. மீட்ட மாவட்டத்திலேயே, கொத்தடிமையிலிருந்து விடுவித்ததாக விடுதலைச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும். வெறும் குழந்தைத் தொழிலாளர் என்று எழுதி ரயில் ஏற்றிவிட்டார்கள். நம்மையும் அப்படித்தானே அனுப்பினார்கள்? மறுவாரமே புரோக்கர் வாசலில் வந்து நின்றதும், உன் அம்மா தோட்டை அடகு வைத்ததும் மறக்கிற விஷயமா?

அதனால்தான் சான்றிதழுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன். அது இருந்தால் உடனடி உதவி 30 ஆயிரம் ரூபாய் வரை கேட்கலாம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மறுவாழ்வுத் தொகை 2 லட்சம். ஆனால் அதை முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகவே படவில்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போனால் பையன் பட்ட பாடு பொய்யாகிவிடுமா?

பெற்றவர்களைத் திட்டுகிறவர்களைக் கண்டாலும் கோபம்தான் வருகிறது. மழை பொய்த்த வருஷம், ஆஸ்பத்திரிச் செலவு, அக்கா கல்யாணம் என்று நேரம் பார்த்துத்தானே புரோக்கர் வருகிறான்?

அப்புறம், திங்கட்கிழமை மறுபடி விசாரணை. பையன் பக்கத்தில் நீயும் இருந்தால் நல்லது. அதே அடுப்பில் நின்றவன் சொன்னால் தைரியமாகப் பேசுவான். காலை பத்து மணிக்குள் வந்துவிடு. பஸ் ஏறியதும் போன் போடு, ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப்போகிறேன்.

உன் நண்பன்