அம்மா முதுகில் சிமெண்ட்

பாளையங்கோட்டை

அன்புள்ள சுடலைமுத்து,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது, கோபிக்காதே. அம்மா புறவாசல் படியில் சறுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே விழுந்துவிட்டாள். இடுப்புக்கு மேலே ஒரு முள்ளெலும்பு நசுங்கிவிட்டது. படுக்கை, பெல்ட், மாத்திரை என்று ஆறு வாரம் பார்த்தோம். புரண்டு படுத்தாலே அலறினாள். கடைசியில் ஊசி வழியாக எலும்புக்குள் சிமெண்ட் வைக்கலாம் என்றார் டாக்டர்.

"ஏல, தாழையூத்து சிமெண்டையா வைக்கப் போறாவ?" என்றாள் அம்மா. அது இல்லை, பல்செட் செய்கிற அக்ரிலிக் வகைதான். அதைக் கேட்டதும், "அப்ப வாயிலயும் முதுகுலயும் ஒண்ணுதானா" என்று சிரித்தாள்.

வைத்து முடித்த பிறகுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஸ்கேனில் எலும்புக்குள் வெள்ளைத் திட்டு. அதன் ஓரத்திலிருந்து தையல் நூல் பிரிந்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு வெளியே ஓடியது. சிமெண்ட் ரத்தக் குழாய்க்குள் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர், மறைக்காமல்.

பொடியையும் திரவத்தையும் கலந்ததும் அது தண்ணியாக இருக்கும். பற்பசை பதத்துக்கு வந்த பிறகே செலுத்த வேண்டும். அப்படியும் சில சமயம் எலும்புக்குள் இருக்கிற சிரையில் இறங்கிவிடுமாம். முதுகெலும்புச் சிரைகளில் வால்வு கிடையாது, தடுக்க ஆளில்லை. அங்கிருந்து பெரிய சிரைக்குப் போய், இதயம் வழியாக நுரையீரலில் போய் அடைக்கலாம். அதற்காகத்தான் எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் மாதிரிப் பொடியைச் சேர்த்து, திரையைப் பார்த்தபடியே செலுத்துகிறார்கள். கோடு ஓடியதைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டாராம். மீந்த உருண்டையை என் கையில் வைத்தார். சுண்டைக்காய் அளவு, கூழாங்கல் மாதிரி கெட்டி.

நெஞ்சுப் படத்தில் ஒன்றுமில்லை. இப்படிக் கசிவது அடிக்கடி நடப்பதுதான், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே வரச் சொன்னார். முதல் வாரம் ராத்திரியெல்லாம் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

இப்போது தானே எழுந்து நடக்கிறாள். ஆனால் 2009-ல் வந்த இரண்டு ஆய்வுகள், சிமெண்ட் வைக்கப்பட்டவர்களுக்கும், வைக்காமல் வைப்பதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி ஒரே மாதிரிதான் குறைந்தது என்றனவாம். அப்புறம்தான் படித்தேன். சிமெண்டால் சரியானதோ, நாள் போனதால் சரியானதோ! அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் உளறிவிடாதே.

ஆனித் தேருக்கு வருவாய்தானே? தூத்துக்குடி மக்ரூன் வாங்கி வா. கடலைமிட்டாய் வேண்டாம், பல்செட் தாங்காது.

உன்,
இசக்கி