மூன்று தன்பதிவேடுகள்

அன்புள்ள நண்பா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உன் சம்பந்தியின் தோப்பு வழக்கு என்னவாயிற்று என்பதை மறக்காமல் எழுது.

நம் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தாரே, நீ 'நினைவூட்டு' என்று பெயர் வைத்த பெண், சென்ற ஞாயிறன்று வந்திருந்தார். கையில், பெரிய தண்டனை வரை கொண்டுபோகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கையான 17(பி) குறிப்பாணை. கோப்புகளை உரிய காலத்தில் சமர்ப்பிக்காமல் கடமை தவறினார் என்பது குற்றச்சாட்டு. விளக்கம் எழுத உதவி கேட்டார். படித்துப் பார்த்தேன். தாமதம் உண்மைதான், தேதிகளும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அந்தத் தாமதக் காலம் முழுவதும் அவர் தம் இருக்கையோடு இன்னும் இரண்டு இருக்கைகளின் வேலையையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்து, வரும் தபால்களை இருக்கைவாரியாகப் பதியும் தன்பதிவேடுகள் மூன்றை எழுதிவந்தார் என்பதற்குக் குறிப்பாணையில் ஒரு வரியும் இல்லை. பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரத்தில் 17(பி) நிலுவையில் இருந்தால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த இரண்டு இருக்கைகளில் ஒன்று, வயது முதிர்வில் ஒருவர் ஓய்வு பெற்றதால் பதினான்கு மாதங்களாகக் காலியாக இருக்கிறது. அவர் என்றைக்கு ஓய்வு பெறுவார் என்பதைக் கணக்கிடத் தேவையான பிறந்த தேதி அவர் பணியில் சேர்ந்தபோதே பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுவிட்டது. அவருடைய ஓய்வூதியக் கருத்துருவை அதே அலுவலகம்தான் மாநிலக் கணக்காயருக்கு முன்கூட்டியே அனுப்பியது. ஓய்வூதியம் கொடுப்பதற்குத் தெரிந்திருந்த தேதி, ஆள் போடுவதற்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று? மரணம், பதவி விலகல் ஆகியவற்றை முன்கூட்டிக் கணிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஓய்வு அப்படிப்பட்டதா? அடுத்த பத்து ஆண்டுகளில் எந்த மாதம் எந்த அலுவலகத்தில் எத்தனை பேர் வெளியேறுவார்கள் என்பதைச் சொல்வதற்குப் பிறந்த தேதிகள் போதும்.

2001 நவம்பரில் தமிழ்நாடு அரசின் பெரும்பாலான பணியிடங்களுக்கு நியமனத் தடை வந்து, 2006இல்தான் நீங்கியது. அந்த ஆண்டுகளில் சேர்ந்திருக்க வேண்டியவர்கள் இன்று அனுபவமுள்ள உதவியாளர்களாகவும் கண்காணிப்பாளர்களாகவும் இருந்திருப்பார்கள். பிறகு 2020 மே மாதம் ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆகி, 2021இல் 60 ஆயிற்று. அதனால் உனக்குக் கிடைத்த இரண்டு ஆண்டுகளை எண்ணி நான் இன்றும் பொறாமைப்படுகிறேன். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகள் வயது முதிர்வு ஓய்வே ஏறக்குறைய இல்லாமல் இருந்ததல்லவா? 2022 மே முதல் மீண்டும் இருக்கைகள் காலியாகும் என்பதை அறிந்து, அவற்றுக்கான ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியும் கொடுத்து முடிக்க அதைவிட நல்ல அவகாசம் வேறு எப்போது கிடைத்திருக்கும்? குரூப் 4 தேர்வோ 2022 ஜூலை 24 அன்றுதான் நடந்தது. பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். முடிவு 2023 மார்ச்சில் வந்தது. அறிவிக்கையில் 7,301 என்றிருந்த பணியிடங்கள் கடைசியில் பத்தாயிரத்தைத் தாண்டின. எண்ணிக்கை கூடியதில் தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆனால் துறைகள் முதலில் கொடுத்த காலிப்பணியிட மதிப்பீடு எவ்வளவு குறைவாக இருந்தது என்பதையும் அந்த வேறுபாடு காட்டுகிறது. குறைத்துக் கணக்குக் கொடுத்ததற்காக எந்த அலுவலகத் தலைவருக்காவது குறிப்பாணை போனதாக நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? நான் கேள்விப்பட்டதில்லை.

2022 அக்டோபரில் 115ஆம் எண் அரசாணை வழியாக மனிதவளச் சீர்திருத்தக் குழு அமைத்தபோது நாம் தொலைபேசியில் சண்டை போட்டோம், நினைவிருக்கிறதா? கீழ்நிலைப் பணிகளை வெளியாள்களிடம் விடுவது பற்றி ஆராயச் சொன்ன பகுதியை நீ எதிர்த்தாய். நான் குழு அமைத்ததே நல்லது என்றேன். சங்கங்களின் எதிர்ப்பால் அதன் ஆய்வு வரம்புகள் ரத்தாயின. இன்று யோசித்தால், நீ சொன்னதே சரி. தொகுப்பூதியத்தில் வந்து ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுகிறவர் செய்த பிழைக்கும் அடுத்த இருக்கையில் இருக்கிற நிரந்தர ஊழியர்தான் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

விளக்கத்தில் மூன்று விவரங்களைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: பிரிவுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்களும் அவற்றில் நிரம்பியவையும், கூடுதல் பொறுப்பு ஆணைகளின் நாள்கள், ஆள் கேட்டு அவர் எழுதிய கடிதங்கள். கடிதங்களுக்கு அலுவலக நகல் வைத்திருக்கிறார். 'நினைவூட்டு' என்று நீ சும்மாவா பெயர் வைத்தாய்! ஆனாலும் வரைவின் மொழி எனக்குக் கடுமையாகப் படுகிறது. சினத்தோடு எழுதியிருக்கிறேன், அது அவருக்குத் தீங்காக முடிந்துவிடக் கூடாது. ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளை நம்மில் அதிகம் பார்த்தவன் நீ. விளக்கம் கொடுக்க இன்னும் ஒன்பது நாள்கள் இருக்கின்றன. வரைவை இதனுடன் இணைத்திருக்கிறேன். திருத்தி உடனே அனுப்பு. முடிந்தால் நேரிலேயே வந்துவிடு. அவரும் வருவார், மூவரும் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து இருக்கைக்காரன்