இயற்பியல் ஆசிரியர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார்.

இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள், முதலாமாண்டு மாணவர்களிடம் பாடம் முடிந்த பிறகும் கலையாத தவறான கருத்துகள். மேலே எறிந்த நாணயத்துக்கு உச்சியில் முடுக்கம் எவ்வளவு என்று கேட்டால், இயக்கச் சமன்பாடுகளைப் பிழையின்றிப் போடுபவரே ‘சுழி’ என்கிறார். கை கொடுத்த விசை நாணயத்தோடு போய் மெல்லத் தீர்கிறது என்பது அவர் எண்ணம். காற்றுத் தடையை ஒதுக்கினால், கையை விட்ட பிறகு இருப்பது புவியீர்ப்பு மட்டுமே. உச்சியிலும் முடுக்கம் கீழ்நோக்கி 9.8 மீ/வி². கணக்குத் தேர்வு இந்த எண்ணத்தைத் தொடாததால் மதிப்பெண்ணில் அது தெரிவதில்லை. அதை வெளிக்கொணரவே 1992இல் அமெரிக்க இயற்பியலாளர் ஹெஸ்டெனஸ் குழுவினர் விசைக் கருத்துத் தேர்வை (Force Concept Inventory) வெளியிட்டனர். 6,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் இத்தகைய தேர்வு முடிவுகளை ரிச்சர்ட் ஹேக் 1998இல் தொகுத்தார். பாடத்துக்கு முன் வைத்த தேர்வில் மாணவர் தவறவிட்டதில் சராசரியாக 23 விழுக்காட்டையே விரிவுரை வகுப்புகள் மீட்டன; மாணவர் விவாதித்துக் கற்ற வகுப்புகள் 48 விழுக்காட்டை மீட்டன.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று வகுப்பைப் பிரிக்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லர் குழுவினரின் 2008 ஆய்வு காட்டியது. மின்சுற்றுப் படத்தை எல்லோரும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். முறையைத் தீர்மானிப்பது பாடப்பொருளே.

நாம் பரிந்துரைப்பது பல்புச் சோதனை. இரண்டு செல்லுக்குத் தனியாக ஒரு பல்பு, தொடரிணைப்பில் இரண்டு, பக்க இணைப்பில் இரண்டு: ஒளியை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் விடையைப் பேனாவால் எழுதி, பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்ட பிறகே சுவிட்சைப் போட வேண்டும். எழுதாமல் பார்ப்பவர் ‘நானும் அப்படித்தான் நினைத்தேன்’ என்று கடந்துவிடுவார். தொடரிணைப்பில் முதல் பல்பு மின்னோட்டத்தைத் ‘தின்றுவிடும்’ என்ற தவறான எண்ணம் இங்கேதான் பிடிபடும்.

சோதனை கெடுவது பொருள்களால். பழைய செல்லில் அகமின்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே உள்ள மின்தடை, கூடியிருக்கும். பக்க இணைப்புப் பல்புகள் மங்கி, தனிப் பல்புக்குச் சமமாக எரியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே வகைப் புதிய 1.5 வோல்ட் பெரிய செல் இரண்டு போடுங்கள். டார்ச்சுக்கான 2.5 வோல்ட் இழை பல்பே வேண்டும், எல்இடி உதவாது. தொடரிணைப்பில் இரு பல்பும் ஒன்றுபோல் எரியாவிட்டால் இடம் மாற்றிப் பாருங்கள். மங்கல் பல்போடு நகர்ந்தால் பல்புகள் பொருந்தவில்லை, ஒன்றை மாற்றுங்கள். இதை வகுப்புக்கு முன்பே செய்துவிட வேண்டும். தவறான கருத்தைச் சோதனையே உறுதிப்படுத்திவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

மாணவர் எழுதிய கணிப்புத் தாள்களைத் திருத்தாமல், மதிப்பெண் இடாமல் மன்றத்துக்கு அனுப்புமாறு உறுப்பினர்களை வேண்டுகிறேன். அடுத்த ஆண்டுக்கான வினாக்களை அவற்றிலிருந்தே அமைப்போம்.

செயலாளர்