பொத்தான் செல் திருடிய நண்பனுக்கு

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மக்கா,

இங்கு எல்லாரும் நலம். என் வலது முழங்கால் மட்டும் பழைய பகையை மறவாமல் வைத்திருக்கிறது. உன் அம்மை இறந்த அன்று தொலைபேசியில் பேசியதோடு சரி, இந்த மூன்று வாரமும் உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன். அடக்கத்துக்கு வந்து நிற்காதவன் ஆறுதல் கடிதம் எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை என்பதே உண்மை. இப்போதும் ஆறுதல் சொல்ல எழுதவில்லை. உன் மேல் ஒரு திருட்டு வழக்கு இருக்கிறது, அதை விசாரித்து முடிக்கவே எழுதுகிறேன்.

முதலில் வழக்கின் தொடக்கம். நடுவீட்டில் மாட்டியிருக்கும் அம்மையின் படத்தை உன் தங்கை சென்ற வாரம் என் கைபேசிக்கு அனுப்பியிருந்தாள். நான் அதிர்ந்துபோனேன் என்பதை மறைக்கப் போவதில்லை. உன் தங்கையின் கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் நீல வானத்தை ஒட்டி, முகத்துச் சுருக்கங்களை எல்லாம் இஸ்திரி போட்டதைப் போல் நீக்கி, நிறத்தையும் நாலு படி கூட்டியிருக்கிறார்கள். இடது தோளருகே அவர் வாழ்நாளில் அணியாத ஒரு நெக்லஸின் பாதி தெரிகிறது. அது பக்கத்தில் நின்ற உன் அத்தையுடையது என்று கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஸ்டூடியோக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடுத்ததை வைத்துத்தானே அவர் வேலை செய்ய முடியும்? அம்மையைத் தனியாக எடுத்த நல்ல படம் ஒன்றுகூட இல்லை என்று உன் தங்கை எழுதியிருந்த வரிதான் என்னைக் குத்தியது. ஏனென்றால் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எடுத்தவன் நான்.

அன்றே பீரோவின் அடித்தட்டைக் கலைத்து நம்முடைய சோப்புப் பெட்டியைத் தேடி எடுத்தேன். மறந்திருக்க மாட்டாய், 2007இல் என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேனன் பவர்ஷாட் ஏ570. உள்ளே இரண்டு பென்சில் செல்களைப் போட்டபடியே வைத்திருக்கிறேன், மடையன். அவை கசிந்து, தகடுகளின் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் தோய்த்துப் பொறுமையாகத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, புதிதாக வாங்கிய ரீசார்ஜ் செல்களைப் போட்டு அமுக்கினேன். அந்தப் பழைய முனகலோடு லென்ஸ் வெளியே நீண்டது. நம்ப மாட்டாய், அடுக்களையில் இருந்தவள் அந்தச் சத்தத்தைக் கேட்டே "அந்தக் கேமராவா?" என்று வந்து நின்றாள்.

அதன் கார்டு வெறும் 2 ஜிபி. இன்றைய கைபேசி அதை ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போதாது என்று சொல்லும். அதில் இருந்தவை 580 படங்கள். கைபேசியில் நான் சேர்த்துவைத்திருக்கும் இருபதாயிரத்துச் சொச்சத்தில் பாதி, மின்கட்டண ரசீதும் மருந்துச் சீட்டும் யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூக்களும்தான். இந்த 580-இல் ஒன்றுகூட ரசீது இல்லை. உங்கள் வீட்டுக் கிணற்றடி, போஸ்ட்மாஸ்டர் மாமாவின் சைக்கிள் செயின் கழன்ற நாள், பல்லன் மரச்சீனிக் கிழங்கைப் பிடுங்கப் போய் மல்லாந்து விழுந்தது, குருசடிக்கு முன்னால் மழைக்கு ஒதுங்கி நின்ற ஆடுகள். நாயையும் சோற்றிலையையும் படம் எடுக்கிற இவனெல்லாம் ஒரு போட்டோகிராபரா என்று அன்றைக்கு என்னைக் கேலி செய்தாயே, அந்த நாயும் அந்த இலையும் அப்படியே இருக்கின்றன.

ஆனால் படங்களைத் திறந்ததும் ஒரு குழப்பம் வந்தது. முதல் நானூற்றுச் சொச்சம் படங்களுக்கும் தேதி ஒழுங்காக இருக்கிறது. கிறிஸ்துமஸ் 2009-ஐ ஒட்டி அது திடீரென்று 2007 சனவரி 1-க்குத் தாவுகிறது. நாலைந்து நாள் சரியாக ஓடிவிட்டு மறுபடியும் சனவரி 1. பிறகு மறுபடியும். இப்படிப் பதினோரு சனவரி ஒன்றுகள். அம்மையின் படம் இந்தக் குழப்பத்துக்கு உள்ளே கிடக்கிறது. அதை உன் தங்கைக்கு அனுப்பினேன். "இது 2007-ஆக இருக்க முடியாது, அப்போது நம் வீட்டுப் பின்கட்டுக்குச் சிமெண்டுத் தரையே போடவில்லையே" என்று உடனே பதில் போட்டாள். அவளுக்கு இருக்கும் புத்தி நம் இருவருக்கும் சேர்த்தும் இல்லை.

இங்கேதான் நீ வருகிறாய். பென்சில் செல்களை மாற்றும்போது கடிகாரம் நின்றுவிடாமல் காப்பதற்கென்றே இந்தக் கேமராவில் பொத்தான் அளவில் தனியாக ஒரு செல் உண்டு. அதன் மூடியைத் திறந்து பார்த்தேன். குழி காலி. அந்தக் காலிக் குழியைப் பார்த்ததும் 2009 டிசம்பர் மாத இராத்திரி ஒன்று நினைவுக்கு வந்தது. உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் நட்சத்திரத்துக்குள் வைத்த சிவப்பு எல்இடி எரியவில்லை, கடைகள் எல்லாம் அடைத்தாயிற்று, "மூன்று வோல்ட் இருந்தால் போதும், ஒரு நாளில் திருப்பித் தருகிறேன்" என்று சொல்லி என் கேமராவைத் திறந்தவன் யார்? நட்சத்திரம் மூன்று இரவு எரிந்தது. செல் திரும்பி வரவே இல்லை. அன்று முதல் ஒவ்வொரு முறை நான் செல் மாற்றும்போதும் என் கேமராவுக்குப் புத்தாண்டு பிறந்திருக்கிறது. தேதியைச் சரிசெய்யச் சொல்லித் திரை கேட்டபோதெல்லாம் அவசரத்தில் ஓகேயை அமுக்கிவிட்டு நகர்ந்தது என் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூல காரணம் நீதான்.

இனி என் புலனாய்வைக் கேள். கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே இழுக்காதே. கேமராவின் தேதி பொய் சொன்னாலும் படத்தின் வரிசை எண் பொய் சொல்லாது. எத்தனை முறை செல் மாற்றினாலும் எண் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. அதோடு, இரண்டு செல் மாற்றங்களுக்கு இடையில் கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, தொடங்கிய இடம் மட்டுமே தவறு. ஆகவே ஒரு தொகுப்பில் ஏதாவது ஒரு படத்தின் உண்மை நேரம் தெரிந்துவிட்டால் அந்தத் தொகுப்பு முழுவதற்கும் நேரம் சொல்லிவிடலாம். அம்மையின் படம் இருக்கும் தொகுப்பின் முதல் படத்தில் எங்கள் முற்றத்துப் பொங்கல் பானை பொங்கி வழிகிறது. கேமராவின் கணக்கில் அது சனவரி 1, நள்ளிரவு 12.19. அம்மையின் படம் சனவரி 2, காலை 6.43. இடைவெளி 30 மணி 24 நிமிடம். எங்கள் வீட்டில் நல்ல நேரம் பார்த்துப் பொங்கல் பொங்கியது காலை 6.50 என்று ஆச்சி தன் கைப்பட எழுதிய பால் கணக்கு நோட்டிலேயே இருக்கிறது. கூட்டிப் பார். மறுநாள் பகல் 1.14.

2010 சனவரி 15, வெள்ளிக்கிழமை, பகல் 1.14. இப்போது நினைவுக்கு வருகிறதா?

கங்கண கிரகணம். இந்த ஆயிரமாண்டிலேயே நீளமானது. இந்தியப் பெருங்கடலின் மேல் 11 நிமிடம் 8 நொடி நின்றது, அதை மிஞ்சும் இன்னொன்று வர 3043 ஆக வேண்டும். சந்திரன் தூரத்தில் இருந்ததால் சூரியனை முழுவதும் மறைக்க முடியாமல் நடுவில் மட்டும் உட்கார்ந்துகொள்ள, நாகர்கோவிலில் நாமும் அந்த வளையத்தைப் பார்த்தோம். தை அமாவாசை, மாட்டுப் பொங்கல், கிரகணம் மூன்றும் ஒரே நாளில் வந்து விழுந்ததால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, தண்ணீர்ப் பானையில்கூடத் தர்ப்பை கிடந்தது. பசி தாங்காமல் நான் மதில் ஏறிக் குதித்து உங்கள் வீட்டுக்கு வந்ததும், கிரகணம் பிடித்திருக்கும்போதே மரச்சீனியும் மீன்கறியும் தின்றதும் எங்கள் ஆச்சிக்குக் கடைசிவரை தெரியாது. உன் அம்மை அதைக் கடைசிவரை காட்டிக்கொடுக்கவும் இல்லை.

படத்தைச் சொல்கிறேன். அடுக்களை வாசற்படியிலிருந்து அவர் நம்மைச் சாப்பிடக் கூப்பிட வெளியே வருகிறார், கையில் எண்ணெய் சொட்டும் கண்ணகப்பை. அதன் நிழல் சிமெண்டுத் தரையில் விழுகிறது. ஒவ்வொரு துளையிலும் புகுந்த வெளிச்சம் தரையில் ஒரு சின்ன வளையமாக விழுந்திருக்கிறது, நாற்பது ஐம்பது வளையங்கள், பூவரசு இலைக்குள் யாரோ மோதிரங்களைக் கொட்டிவைத்தது போல. துளை வட்டமாக இருப்பதால் வளையம் வரவில்லை, துளை சூரியனுடைய உருவத்தையே தரையில் போட்டுக் காட்டுகிறது என்று அன்றைக்கு நீ பெரிய விஞ்ஞானி போல விளக்கினாய். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அகப்பையை உயர்த்தினார். வளையங்கள் பெரிதாகி மங்கின. தாழ்த்தினார். சிறுத்துப் பளிச்சிட்டன. மறுபடியும் உயர்த்தினார். இப்படிச் செய்துகொண்டே தரையைப் பார்த்துச் சிரித்த அந்தக் கணத்தைத்தான் நான் பொத்தானைப் பாதி அமுக்கி, பச்சைக் கட்டம் வரும்வரை காத்திருந்து எடுத்திருக்கிறேன். நெற்றியில் அரிசி மாவு. சேலைத் தலைப்பு இடுப்பில் செருகியிருக்கிறது. கழுத்தில் அந்த மெல்லிய ஒற்றைச் சங்கிலி மட்டும், குருசு பின்னுக்குப் போய்த் தோளில் ஏறிக் கிடக்கிறது. வழக்கமாக அது அங்கேதானே கிடக்கும்?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ கண்டுபிடித்துப் பெருமைப்படக் கூடாது. அவர் முகத்தின் பாதி கதவு நிழலில் இருக்கிறது. இடது ஓரத்தில் செங்கல் நிறத்தில் ஒரு கறை, என் விரல்தான். வெயிலில் பின்திரை தெரியாததால் மேலே இருக்கும் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்து எடுத்தேன். அந்தத் துளைக்கும் லென்ஸுக்கும் சம்பந்தம் இல்லாததால் லென்ஸை மறைக்கும் விரல் அதில் தெரிவதே இல்லை. இது வேண்டுமென்றே வைத்தது போலக் கைகொடுத்திருக்கிறது. படம் 3072-க்கு 2304 புள்ளிகள். பத்துக்கு எட்டு அங்குலத்தில் அச்சடிக்க வேண்டுமானால் அகலத்தில் 192 புள்ளிகளை வெட்டியாக வேண்டும். இடது ஓரத்திலிருந்து அந்த 192-ஐ வெட்டினால் என் விரல் சரியாக அதோடு போய்விடுகிறது. மீதம் அங்குலத்துக்கு 288 புள்ளிகள், தாளில் மூக்குத்திகூடத் தெளிவாக வரும்.

நீ செய்ய வேண்டியது இதுதான், தயவுசெய்து அப்படியே செய். உன் தங்கையிடம் இருக்கும் படத்தைக் கடையில் கொடுக்காதே. வாட்ஸ்அப் வழியாகப் போனது ஏறக்குறைய 1600 புள்ளிக்குச் சுருங்கிவிட்டது, அதைப் பெரிதாக்கினால் முகம் மெழுகு போல ஆகும். கார்டையே ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நகல் எடுத்துவைத்துக்கொண்டேன், பயப்படாதே. கோப்பின் எண் 0731. தேதியையும் உள்ளே திருத்திவிட்டேன். கடையில் முகத்தை மட்டும் வெட்டித் தரட்டுமா, பின்னால் வானம் வைக்கட்டுமா, நிறம் கூட்டட்டுமா என்று நிச்சயமாகக் கேட்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொல். கதவு வேண்டும், கண்ணகப்பை வேண்டும், தரை வேண்டும். அவர் நம்மைப் பார்க்கவில்லையே, இறந்தவர் படத்தில் கண் நேராகப் பார்க்க வேண்டாமா என்று உன் அத்தை கேட்பார். அவரிடம் அந்த நெக்லஸை வெட்டித் திருப்பித் தந்துவிடுவதாகச் சொல்.

உனக்கே அப்படி மாட்ட மனம் ஒப்பாவிட்டால் மாட்டாதே. துக்கம் உன்னுடையது, நான் மூன்று வாரம் வாய்மூடி இருந்துவிட்டு இப்போது சட்டம் பேசுகிறேன். ஆனால் அந்த நீல வானத்துப் பெண்மணியை எனக்கு யாரென்றே தெரியவில்லை மக்கா. எனக்கு மீன்கறி போட்டவர் இவர்.

சோப்புப் பெட்டி இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. இந்தச் சில நாளிலேயே 46 படங்கள். 2010இல் உலகம் முழுவதும் பன்னிரண்டு கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன என்றும், லென்ஸ் உடம்போடு சேர்ந்த இந்தச் சின்ன ரகம் 2023இல் ஏறத்தாழ 17 லட்சத்துக்கு இறங்கிவிட்டது என்றும் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கைக் காட்டிய என் மகன், அதே மூச்சில் தன் கல்லூரிப் பெண்கள் இதற்காகப் பழைய கடைகளில் அலைகிறார்கள் என்றும் இதைத் தனக்குத் தந்துவிடும்படியும் கேட்கிறான். தருவதாக இல்லை.

41-ஆம் நாள் பூசைக்குக் கட்டாயம் வருகிறேன். முந்தின நாள் காலையில் ரயிலிறங்கி நேரே உங்கள் வீட்டுக்குத்தான். அந்தக் கண்ணகப்பை இன்னும் இருக்கிறதா என்று உன் தங்கையிடம் கேட்டுவை, பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட வேண்டாம். கேமராவையும் கொண்டுவருவேன். குழி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. செல் நீ வாங்கித் தர வேண்டியது.

என்றும் உன்,
மதில் ஏறிக் குதித்தவன்