எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நமீபியாவின் எலும்புக்கூட்டுக் கடற்கரைக்குச் சிறு விமானத்தில் போய்க் கூடாரத்தில் தங்கிவரும் பயணம் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை அந்த நிலத்தின் அழகை நன்றாகவே சொன்னது. ஆனால் கடைசியில் கொடுத்திருந்த யோசனைகளில் ஒன்றைப் படித்துப் பதறிவிட்டேன். பை பத்து கிலோதான் இருக்க வேண்டும் என்பார்கள், கொஞ்சம் கூடப் போனால் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். நம்மூரிலிருந்து இப்போது பலர் அங்கே கிளம்புகிறார்கள். அதை நம்பி ஒருவரும் போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

இந்தப் பயணங்களில் அதிகம் பறப்பது செஸ்னா 210 என்ற ஒற்றை எஞ்சின் விமானம். விமானியோடு சேர்த்து ஆறு இருக்கை. ஆள், பை, எரிபொருள் எல்லாம் சேர்த்துத் தோராயமாக 700 கிலோ தூக்கும். ஆளுக்குச் சராசரி 75 கிலோ என்றால் ஆறு பேர் 450. பயணிகள் ஐவரின் பைகள் 50. குடிநீர், முதலுதவிப் பெட்டி, கருவிகள், இரவில் விமானத்தைக் கட்டிவைக்கும் கயிறு என்று இன்னொரு 20. மிச்சமுள்ள 180 கிலோவில்தான் பெட்ரோல். விமானப் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ, ஆக 250 லிட்டர். மணிக்கு 60 லிட்டர் வீதம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். இப்போது ஐந்து பயணிகளும் தங்கள் எடையில் ஐந்து கிலோ குறைத்துச் சொல்லி, பையில் ஐந்து கிலோ கூட்டி வந்தால் என்ன ஆகும்? 50 கிலோ. கிட்டத்தட்ட 70 லிட்டர், ஒரு மணி நேரத்துக்கும் கூடுதலான பறக்கும் நேரம்.

அந்த ஒரு மணி நேரம் எதற்கு என்பது அந்தக் கரையைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். தெற்கிலிருந்து வரும் பெங்குவெலா நீரோட்டம் குளிர்ந்தது. அதன் மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. மழை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். ஆனால் மூடுபனி நூறு நாளுக்கு மேல். இரவில் ஏறிவந்து, முற்பகலில் வெயில் உறைத்த பிறகே விலகும். அங்குள்ள ஓடுபாதைகளில் வழிகாட்டும் கருவியோ விளக்கோ கோபுரமோ கிடையாது. விமானி தரையைக் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். தரை தெரியாவிட்டால் உள்நாட்டுப் பக்கம் திரும்பி, தெளிந்த வானம் உள்ள வேறோர் ஓடுபாதைக்குப் போக வேண்டும். அதற்கான பெட்ரோலைத்தான் கூடுதல் சட்டைகளும் காலணிகளும் தின்றுவிடுகின்றன.

வெயில் இன்னொரு பக்கம் இழுக்கும். விண்ட்ஹோக் நகரில் சிறு விமானங்கள் கிளம்பும் ஈரோஸ் நிலையம் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூடான காற்று மெலிந்த காற்று. இறக்கைக்குப் பிடிப்பும் எஞ்சினுக்குச் சக்தியும் குறையும். 30 டிகிரி வெயிலில் அந்த விமானத்துக்கு அது 2,600 மீட்டருக்கு மேல், அதாவது தொட்டபெட்டா உச்சியிலிருந்து கிளம்புவது போல. தரையில் நெடுந்தூரம் ஓடும், மெதுவாகத்தான் ஏறும். வெயில் ஏறுமுன் புறப்படச் சொல்வது இதனால்தான். அதோடு, மதியம் சூடான தரையிலிருந்து காற்று எழும்பி விமானத்தைக் குலுக்கும். வாந்தி வரும் உடம்பென்றால் மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டிய பிறகு போட்டுப் பயனில்லை. விமானத்தில் கழிப்பறை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சக்கரம் வைத்த சூட்கேஸ் வேண்டவே வேண்டாம். பைகள் போவது விமானத்தின் வயிற்றடியில் பொருத்திய தாழ்ந்த பெட்டிக்குள்ளும் பின்னிருக்கைக்குப் பின்னாலுள்ள சிறு இடத்திலும். துணிப்பை நசுங்கி உள்ளே போகும். சட்டமும் சக்கரமும் உள்ள பெட்டி போகாது. யார் எங்கே உட்காருவது என்பதையும் விமானிதான் சொல்வார். பின்புறம் எடை கூடினால் வால் கனத்து மூக்கு தூக்கும். அப்போது விமானத்தைக் கட்டுப்படுத்துவது கடினம். எல்லா இருக்கைக்கும் ஜன்னல் உண்டு, மல்லுக்கு நிற்க வேண்டாம்.

தொலைதூர ஓடுபாதைகளில் பெட்ரோல் 200 லிட்டர் பீப்பாய்களில் காத்திருக்கும். லாரியில் கொண்டுபோய் வைத்தது. குளிர்ந்த இரவுகளில் பீப்பாய்க்குள் ஈரம் படிந்து நீராக அடியில் தங்கும். அதனால் கைப்பம்பால் வடிகட்டி வழியாக ஏற்றிய பிறகு, இறக்கையின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து, அடியில் நீர் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த வேலைக்கு அவசரப்படுத்தாதீர்கள். இறங்குமுன் ஒருமுறை பாதைக்கு மேல் தாழப் பறப்பதும் வேடிக்கை காட்ட அல்ல, ஓரிக்ஸ் மான்களும் ஸ்பிரிங்பாக் மான்களும் குறுக்கே நிற்கும், அவற்றை விரட்டத்தான். சரளைத் தரையில் விசிறி வேகமாகச் சுற்றினால் கற்களை உறிஞ்சித் தன் இதழ்களிலேயே அடித்துக்கொள்ளும். விசிறி முழுதாக நிற்கும்வரை இருக்கையை விட்டு எழ வேண்டாம். விமானத்தை எப்போதும் பின்பக்கமாகவே அணுகுங்கள். இரவு நிறுத்தும்போது சக்கரங்களைச் சுற்றி முள் வெட்டிப் போடுவதும் உண்டு, கழுதைப்புலிகள் டயரைக் கடித்துவிடும்.

தரை கெட்டி போலத் தெரிந்து ஏமாற்றும். 1942 நவம்பரில் டனிடின் ஸ்டார் கப்பல் குனேனே ஆற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே தரைதட்டியபோது, கரையில் தவித்தவர்களை ஏற்றிவர வென்ச்சுரா போர் விமானம் ஒன்று இறங்கியது. சக்கரங்கள் மணலில் புதைந்தன. பிறகு தோண்டியெடுத்துப் பறந்தபோது அதுவே கடலில் விழுந்தது. அதிலிருந்தவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். இன்றும் விமானிகள் தெரிந்த பாதையில் மட்டுமே இறங்குகிறார்கள். வழியில் ஓர் அழகான உப்புத்தரையைக் காட்டி இறங்கச் சொல்லிக் கேட்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஊகாப் ஆறு முதல் குனேனே வரை நீளும் தேசியப் பூங்காவின் வடபகுதி பொதுப் பயணிகளின் வண்டிகளுக்குத் திறந்ததில்லை, அதனால்தான் விமானம். ஓடுபாதையோரம் காத்திருக்கும் ஜீப்பில் ஏறி ஹோவருசிப் பள்ளத்தாக்கின் களிமண் கோட்டைகளையும் பாலைவன யானைகளையும் பார்க்கலாம். ஆனால் வழிகாட்டி போட்ட தடத்தை விட்டு விலகச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. சரளைச் சமவெளியில் படர்ந்த கல்பாசி மூடுபனியைக் குடித்தே வளர்கிறது. ஒரு டயர் தடம் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடக்கும். எலும்போ கல்லோ சிப்பியோ எடுக்காதீர்கள்.

ஹிம்பா பழங்குடியினரின் குடியிருப்புக்குப் போனால், தலைவர் வீட்டுக்கும் மாட்டுப்பட்டிக்கும் நடுவே புனித நெருப்பு இருக்கும். அந்த நெருப்புக்கும் வீட்டுக்கும் இடையே குறுக்கே நடப்பது பெரிய அவமரியாதை. படம் எடுக்குமுன் கேளுங்கள்.

முகாமில் குளியல் என்பது தொங்கவிட்ட வாளியில் ஊற்றிய வெந்நீர். நீர் எல்லாம் வண்டியில் வருவது, ஈரமானதும் குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறக்க வேண்டும். பாலைவனம் என்று மெல்லிய சட்டையோடு போனால் கடற்கரைக் குளிரில் நடுங்குவீர்கள். கனத்த ஜாக்கெட் ஒன்றை உடுத்திக்கொண்டே ஏறுங்கள். கேமராவில் லென்ஸ் மாற்றுவதைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சைவம் என்றால் முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் காய்கறி வாங்கப் பக்கத்தில் கடை இல்லை. பருப்புப்பொடி 200 கிராம் கொண்டுபோகலாம், அதையும் எடையில் சேர்த்துக்கொண்டு.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றிக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போய்வருகிறவர்கள் சான்றிதழைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். மழைக்காலத்தில் குனேனே ஆற்றுப் பக்கம் மலேரியா உண்டு. மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு விமானத்தில்தான் போக முடியும் என்பதால் அந்தச் செலவை ஏற்கும் காப்பீடு கட்டாயம்.

வீட்டுத் தராசில் காலணியோடும் கேமராவோடும் ஏறி நின்று, தெரிகிற எண்ணை அப்படியே எழுதி அனுப்புங்கள். நூறு கிலோவுக்கு மேல் இருந்தாலும் கூச்சப்பட ஒன்றுமில்லை, முன்கூட்டித் தெரிந்தால் அதற்கேற்ப இருக்கை ஒதுக்குவார்கள். பத்து கிலோவைப் பற்றிய அந்த வரியை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்